மாற்றுச் சிறுநீரகத்தில் கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சிறுநீரக மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் அவர்களுடன் வரும் குடும்பத்தினரும் கல்லைப் பற்றி என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்தவோ சேர்க்கவோ வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்ற தெளிவைத் தருவதுதான் இதன் நோக்கம்.

புதுச் சிறுநீரகம் வைத்த பிறகும் கல் வருமா?

வரும், ஆனால் அரிதாக. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு அந்தச் சிறுநீரகத்தில் கல் காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பொதுமக்களிடையே கல் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். எனினும் இவர்களுக்கு வேலை செய்வது ஒரே ஒரு சிறுநீரகம் என்பதால், இரண்டு சிறுநீரகங்களும் உள்ள ஒருவருக்கு வரும் கல்லையும் இதையும் ஒரே அளவுகோலால் பார்க்க முடியாது.

கல் எதனால் உண்டாகிறது? சாப்பாட்டில் தவறு செய்துவிட்டோமா?

பெரும்பாலும் சாப்பாடு முதற்காரணம் இல்லை. டயாலிசிஸ் காலத்தில் அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்கிய பாராதைராய்டு சுரப்பிகள் (கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பிகள்) மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அடங்காமல் இருந்தால், இரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் கூடும். புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின், டேக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களில் பலருக்கு, கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட் என்ற பொருள் சிறுநீரில் குறைகிறது. சைக்ளோஸ்போரின் யூரிக் அமிலத்தையும் உயர்த்துகிறது. இந்த மருந்துகளால் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதால் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. அவற்றுள் புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்கித் தொற்றுக் கற்களை விரைவாக வளர்க்கின்றன.

இவை தவிர, சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையோடு இணைக்கப்பட்ட இடம் சுருங்கிச் சிறுநீர் தேங்குதல், அந்த இணைப்பைப் பாதுகாக்க வைத்து எடுக்கப்படாமல் விடப்பட்ட ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய், கொடையாளியின் சிறுநீரகத்தில் முன்பே இருந்த கல் ஆகியவையும் காரணங்களே. ஆகவே கல் வந்தவுடன் வீட்டில் சமைப்பவரைக் குறை சொல்வதை நிறுத்துங்கள் என்று குடும்பத்தினரை வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு வலியே இல்லை. ஸ்கேனில் கல் என்கிறார்கள். வலி இல்லாமல் கல் இருக்குமா?

இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள். கொடையாளியின் உடலிலிருந்து சிறுநீரகத்தை எடுக்கும்போது அதன் நரம்புகள் துண்டிக்கப்படுகின்றன. பெறுபவரின் உடலில் இரத்தக் குழாய்களும் சிறுநீர்க்குழாயும் இணைக்கப்படுகின்றனவே தவிர, நரம்புகள் இணைக்கப்படுவதில்லை. அதனால் விலாவிலிருந்து தொடைவரை இழுத்துத் துடிக்கவைக்கும் வழக்கமான கல் வலி மாற்றுச் சிறுநீரகத்தில் பொதுவாக வருவதில்லை. கல் குழாயை முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கும்போதும் நோயாளி இயல்பாக நடமாடிக்கொண்டிருக்கலாம்.

வலிக்குப் பதிலாகக் கவனிக்க வேண்டியவை வேறு: சிறுநீரின் அளவு குறைதல், சிறுநீரில் இரத்தம், குளிரோடு காய்ச்சல், அடிவயிற்றில் சிறுநீரகம் உள்ள பக்கம் கனமாகவோ வீக்கமாகவோ உணர்தல், காரணம் தெரியாமல் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, இரத்தத்தில் அளக்கப்படும் கழிவுப்பொருள்) உயர்தல். சிறுநீர் திடீரெனப் பாதியாகக் குறைந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல், வழக்கமான இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோதான் கல்லைக் காட்டிக்கொடுக்கும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை.

கிரியாட்டினின் ஏறினால் அது ரிஜெக்‌ஷன்தானே? கல் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கிரியாட்டினின் உயர்வதற்கு உடலின் நிராகரிப்பு ஒரு காரணம் மட்டுமே. டேக்ரோலிமஸ் அளவு கூடுதல், நீர்ச்சத்து இழப்பு, தொற்று, அடைப்பு ஆகியவையும் அதே எண்ணைக் காட்டும். அடைப்பு இருக்கிறதா என்பதை முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்ப்பார்கள். மாற்றுச் சிறுநீரகம் தோலுக்கு அருகில் இருப்பதால் அது தெளிவாகத் தெரியும். ஆனால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது மட்டும் அச்சிறுநீரகம் சற்று விரிந்து காணப்படுவது உண்டு. சிறுநீர் கழித்த பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்த இரண்டாவது பார்வைக்கு அலுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

கல்லின் அளவு, இடம், அடர்த்தி ஆகியவற்றைத் துல்லியமாக அறியச் சாய ஊசி போடாத சிடி ஸ்கேன் எடுக்கப்படும். சாயம் இல்லாததால், சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்ற அச்சத்திற்கு இதில் இடமில்லை.

சின்னக் கல்தான் என்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கலாமா?

சில நிபந்தனைகளோடு காத்திருக்கலாம். ஏறத்தாழ 4 மி.மீ.க்குக் குறைவான கல், அடைப்பு இல்லை, தொற்று இல்லை, கிரியாட்டினின் நிலையாக இருக்கிறது என்றால், மருத்துவர்கள் நெருங்கிய கண்காணிப்போடு காத்திருப்பதை ஏற்பார்கள். அவர்கள் குறிக்கும் இடைவெளியில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வதுதான் அந்தக் கண்காணிப்பு. வீட்டில் காத்திருப்பதை மட்டும் கண்காணிப்பு என்று சொல்ல முடியாது. சாதாரணக் கல் நோயாளிக்கு ‘வலி வந்தால் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பலாம். மேலே சொன்ன காரணத்தால் உங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கல் இறங்குவதற்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை தரப்பட்டால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெளியிலிருந்தே அதிர்வு கொடுத்து உடைத்துவிட முடியாதா? கத்தியே வேண்டாமே?

ஈஎஸ்டபிள்யூஎல் எனப்படும் அதிர்வலைச் சிகிச்சை மாற்றுச் சிறுநீரகத்திற்கும் செய்யப்படுகிறது. ஏறத்தாழ 15 மி.மீ. வரையுள்ள, அதிக அடர்த்தி இல்லாத கற்களுக்கு இதைக் கருதுவார்கள். சிறுநீரகம் இடுப்பெலும்புக் குழிக்குள் இருப்பதால் பின்புறமிருந்து வரும் அலைகளை எலும்பு மறைத்துவிடும். ஆகவே பெரும்பாலும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முன்பக்கமாக அலைகளைச் செலுத்துவார்கள்.

குறையையும் சொல்லியாக வேண்டும். உடைந்த துகள்கள் தாமாக இறங்கிவர வேண்டும். வரும் வழியில் அவை குழாயில் வரிசையாக அடைத்துக்கொண்டால், வலி எச்சரிக்காத நிலையில் அடைப்பு தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. ஒரே அமர்வில் முடியாமல் மீண்டும் செய்ய வேண்டியும் வரலாம். தொற்று இருக்கும்போதும், இரத்தம் உறையாமைக்கான மருந்துகள் தொடரும்போதும், கல்லுக்குக் கீழே குழாய் சுருங்கியிருக்கும்போதும் இதைச் செய்வதில்லை. கத்தி இல்லை என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

என் தம்பிக்குச் சிறுநீர் வழியாகவே கேமரா விட்டு லேசரில் எடுத்தார்கள். எனக்கு மட்டும் ஏன் கஷ்டம் என்கிறார்கள்?

தம்பியின் சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே அமைந்த இடத்தில், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியில் திறக்கிறது. கருவி நேராக அங்கே செல்லும். மாற்றுச் சிறுநீரகத்தின் குறுகிய குழாயோ பெரும்பாலும் சிறுநீர்ப்பையின் மேற்பகுதியில் தைக்கப்பட்டிருக்கும். கீழிருந்து வரும் கருவி அந்த வாயைக் கண்டுபிடித்து, கூர்மையாக வளைந்து உள்ளே நுழைய வேண்டும். வளையும் தன்மையுள்ள மெல்லிய கருவிகளும் வழிகாட்டும் கம்பிகளும் வந்த பிறகு, அனுபவமுள்ள யூராலஜிஸ்டுகள் (சிறுநீர்ப்பாதை அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள்) இதை வெற்றிகரமாகச் செய்கிறார்கள். ஆனால் முயன்று பார்த்து, நுழைய முடியாமல் வேறு வழிக்கு மாற வேண்டிவரலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் மற்றொரு கவனமும் தேவை. கல்லை உடைக்கும்போது உள்ளே பாய்ச்சும் நீரின் அழுத்தம் கூடினால், கிருமிகள் இரத்தத்தில் கலக்கக்கூடும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வந்து, தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே தேதி குறிக்கப்படுவது இதனால்தான். தேதி தள்ளிப்போகிறதே என்று வருந்த வேண்டாம்.

வயிற்றில் துளை போட்டு எடுக்க வேண்டும் என்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்தில் போய்த் துளை போடலாமா?

இந்தக் கேள்வியில் உள்ள அச்சம் எனக்குப் புரிகிறது. எத்தனையோ ஆண்டுகள் டயாலிசிஸ் படுக்கையில் காத்திருந்து, தாயோ மனைவியோ முகம் தெரியாத ஒரு குடும்பமோ தந்த உறுப்பு அது. ஆனால் ஏறத்தாழ 15 முதல் 20 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்கும், மற்ற வழிகளில் எட்ட முடியாத கற்களுக்கும் பிசிஎன்எல் எனப்படும் இந்தத் துளை முறையே பெரும்பாலும் ஒரே அமர்வில் கல்லை முழுவதும் நீக்குகிறது. துகள்களைச் சிறுநீர்க்குழாய் வழியே இறங்கவிடாமல் துளை வழியாகவே வெளியே எடுத்துவிடுவது இதன் பெரிய நன்மை.

சாதாரணமாக இந்தச் சிகிச்சையில் முதுகுப் பக்கமிருந்து துளையிடுவார்கள். மாற்றுச் சிறுநீரகம் முன்பக்கத்தில், தோலுக்கு அருகிலேயே இருப்பதால், நோயாளி மல்லாந்து படுத்திருக்க, அடிவயிற்றின் பக்கத்திலிருந்து குறுகிய பாதை அமைக்கப்படுகிறது. பாதையில் குடல் குறுக்கிடவில்லை என்பதை அல்ட்ராசவுண்டில் பார்த்து உறுதி செய்துகொண்டே ஊசியைச் செலுத்துவார்கள். சிறுநீரகத்தைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் இறுகிய தழும்புத் திசு இருப்பதால் பாதையை விரிவாக்குவது சற்றுக் கடினம். வழக்கமான துளையின் விட்டம் 8 முதல் 10 மி.மீ. வரை. ‘மினி’ முறையில் அது 5 முதல் 7 மி.மீ.யாகக் குறைகிறது. மாற்றுச் சிறுநீரகத்தில் இரத்தக் கசிவைக் குறைக்கப் பல மையங்களில் மினி முறையையே விரும்புகிறார்கள்.

இரத்தக் கசிவு, தொற்று, மிக அரிதாகக் குடல் காயம் ஆகியவை இதன் ஆபத்துகள். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை இன்று மிக அரிதாகவே தேவைப்படுகிறது.

கல்லை எடுக்காமல் முதலில் டியூப் மட்டும் போட்டு அனுப்பினார்கள். ஏன் ஒரேயடியாக முடிக்கவில்லை?

அடைப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ, சிறுநீர் நின்று கிரியாட்டினின் வேகமாக உயர்ந்தாலோ, முதற்கடமை தேங்கிய சிறுநீரை வெளியேற்றுவதுதான். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோல் வழியாகச் சிறுநீரகத்திற்குள் ஒரு மெல்லிய குழாயை வைப்பார்கள். இதற்கு நெஃப்ராஸ்டமி என்று பெயர். தொற்றுள்ள நேரத்தில் கல்லை உடைக்க முயன்றால் கிருமி உடல் முழுவதும் பரவும். அந்தக் குழாய் சிறுநீரகத்திற்கு ஓய்வு தருகிறது. சில நாட்களிலோ வாரங்களிலோ தொற்று அடங்கிய பின், பல சமயம் அதே பாதையை விரிவாக்கியே கல் எடுக்கப்படுகிறது.

குழாய் வைத்தவுடன் சிறுநீர் மிக அதிகமாகக் கொட்டுவது உண்டு. அப்போது உப்புச் சத்துகளின் அளவு மாறும் என்பதால், ‘சிறுநீர்தான் நன்றாகப் போகிறதே’ என்று வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படக் கூடாது.

ஆபரேஷன் நாளில் வெறும் வயிறு என்றார்கள். டேக்ரோலிமஸ் மாத்திரையை விட்டுவிட்டேன். பரவாயில்லையா?

விடக் கூடாது. வெறும் வயிறு என்பது உணவைக் குறித்துச் சொன்னது. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளை அறுவைச் சிகிச்சை நாளிலும் சில மிடறு தண்ணீருடன் எடுத்துக்கொள்ளும்படிதான் பெரும்பாலும் அறிவுறுத்துவார்கள். டேக்ரோலிமஸ் அளவு பார்க்க இரத்தம் எடுக்க வேண்டுமானால், இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போட வேண்டும். ஏற்கெனவே விட்டுவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். நீங்களாக இரட்டை அளவு எடுக்க வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டகாலம் எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். எனவே பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பதை மயக்க மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர்கள் இதய மருத்துவரின் கருத்தையும் பெற வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலித்தால் வழக்கமான வலி மாத்திரை போடலாமா? தெரு முனை மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கலாமா?

டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். டேக்ரோலிமஸும் ஓரளவு அதையே செய்வதால் இரண்டும் சேர்வது தீங்கு. மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதுமானதாக இருக்கும். போதாவிட்டால் வேறு மருந்தை அவர்களே தருவார்கள்.

கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும் டேக்ரோலிமஸ் அளவைக் கடுமையாக உயர்த்தும். ரிஃபாம்பிசின் அதைக் குறைத்துவிடும். பம்பளிமாஸ் பழமும் இந்த அளவை உயர்த்தக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. எந்தப் புது மருந்தாக இருந்தாலும், எழுதித் தருபவர் பல் மருத்துவரே ஆனாலும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

மாற்று அறுவைச் சிகிச்சையில் வைத்த ஸ்டென்டை எடுத்தார்களா என்று நினைவில்லை. அதனால் கல் வருமா?

வரும். இணைப்பைப் பாதுகாக்க வைக்கப்படும் டிஜே ஸ்டென்ட் பொதுவாக 2 முதல் 6 வாரங்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அதன்மீது உப்பு படிந்து இரு முனைகளிலும் கல் கட்டும். பிறகு அதை இழுத்து எடுக்க முடியாது. சிறுநீர்ப்பை வழியாகவும் துளை வழியாகவும் சேர்த்து முயல வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஸ்டென்ட் வைத்த தேதியும் எடுத்த தேதியும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் ஓர் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். கல் சிகிச்சைக்குப் பிறகு வைக்கப்படும் ஸ்டென்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அம்மா சிறுநீரகம் தர முன்வந்தார். ஸ்கேனில் ஒரு சின்னக் கல் இருக்கிறது. அவர் தர முடியாதா?

உடனே மறுத்துவிடுவதில்லை. ஒரே ஒரு சிறு கல், மீண்டும் மீண்டும் கல் வந்த வரலாறு இல்லை, இரத்தத்திலும் 24 மணி நேரச் சிறுநீரிலும் கோளாறு இல்லை என்றால் பல மையங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அப்போது கல் உள்ள சிறுநீரகத்தைத்தான் எடுப்பார்கள். கல் இல்லாத சிறுநீரகம் அம்மாவிடமே இருக்க வேண்டும் என்பதே நியாயம். வெளியே எடுத்த சிறுநீரகத்தைப் பனிக்கட்டியில் வைத்திருக்கும்போதே மெல்லிய கருவியை அதன் குழாய்க்குள் செலுத்திக் கல்லை எடுத்துவிட்டு, பிறகு பொருத்துவதும் உண்டு. மிகச் சிறிய கல்லை அப்படியே விட்டுக் கண்காணிப்பதும் உண்டு.

எனக்கு முதுகில் பயங்கரமாக வலிக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தில் வலி வராது என்றீர்களே?

உங்கள் சொந்தச் சிறுநீரகங்கள் பெரும்பாலும் உடலிலேயே விடப்பட்டிருக்கும். அவற்றின் நரம்புகள் அப்படியே இருப்பதால் அங்கே வரும் கல் வலிக்கும். குறிப்பாகப் பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்குக் கல்லும் இருக்கும். சிகிச்சை மற்றவர்களுக்குச் செய்வது போன்றதே. மருந்துகளைப் பற்றி மேலே சொன்ன விதிகள் மட்டும் மாறாது. இந்தச் சிறுநீரகங்கள் அடைபட்டாலும் கிரியாட்டினின் அவ்வளவாக மாறாது. ஆனால் தொற்று சேர்ந்தால் ஆபத்து குறைவில்லை.

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் குடிக்கலாமா? கேன் தண்ணீருக்கு மாறினால் சரியாகுமா?

வாழைத்தண்டைப் பொரியலாக எப்போதாவது உண்பதும், தினமும் காலையில் ஒரு டம்ளர் சாறு குடிப்பதும் ஒன்றல்ல. சாற்றில் பொட்டாசியம் அதிகம். டேக்ரோலிமஸும் பொட்டாசியத்தை உயர்த்தும். சிறுபீளை, நெருஞ்சில் போன்ற மூலிகைக் கஷாயங்கள் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளோடு எப்படி வினைபுரியும் என்பதற்கு நம்பத்தகுந்த சோதனைகள் இல்லாததால், தவிர்க்கும்படியே சொல்கிறோம். புளிப்பான பிலிம்பிக் காயின் சாறும் நட்சத்திரப் பழச் சாறும் கல்லாகப் படியக்கூடிய ஆக்ஸலேட் என்ற பொருள் நிறைந்தவை. ஆரோக்கியமானவர்களின் சிறுநீரகங்களைக்கூட அவை செயலிழக்கச் செய்திருக்கின்றன. இவற்றைத் தொடவே வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, போர் தண்ணீரின் உப்பைவிட நீங்கள் குடிக்கும் அளவுதான் முக்கியம். சென்னையின் மே மாத வெயிலில் வேர்வையாகவே பெரும்பகுதி போய்விடுவதால், குடித்த அளவை எண்ணுவதைவிட நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேறுகிறதா என்று அளந்து பார்ப்பது நல்லது. இதயக் கோளாறால் தண்ணீர் கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. எந்தத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும். அது தொற்றைத் தவிர்க்க.

எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். வீண் செலவுதானே?

இல்லை. கல் எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்தால்தான் தடுப்பு மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், யூரிக் அமிலம், 24 மணி நேரச் சிறுநீர் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சிட்ரேட் குறைவாக இருந்தால் பொட்டாசியம் சிட்ரேட் தரலாம். ஆனால் இரத்தத்தில் பொட்டாசியத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். யூரிக் அமிலத்திற்கான அலோபுரினால், ஃபெபுக்சோஸ்டாட் ஆகிய மருந்துகள் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான அசாதியோபிரினுடன் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையே செயலிழந்து இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். அசாதியோபிரின் எடுப்பவர்கள் இந்தப் பெயர்களை மனத்தில் வைத்திருங்கள். உணவில் உப்பைக் குறையுங்கள். வைட்டமின் சி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடாதீர்கள்; அது ஆக்ஸலேட்டாக மாறும்.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குமே சிறுவயதிலிருந்து கல். ஒருவனுக்குச் சிறுநீரகம் மாற்றியும் மறுபடி கல் வருகிறது. என்ன காரணம்?

சிறுவயதில் தொடங்கிய கல், உடன்பிறந்தோருக்கும் இருத்தல், பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களாக இருத்தல் ஆகியவை சேர்ந்தால், ‘பிரைமரி ஹைப்பராக்ஸலூரியா’ என்ற மரபணு நோயைத் தேட வேண்டும். இதன் முதல் வகையில் கோளாறு கல்லீரலில் இருக்கிறது. கல்லீரல் ஆக்ஸலேட்டை அளவின்றிச் சுரந்துகொண்டே இருப்பதால், சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் பழுதடையும். கல்லை எடுப்பது அப்போதைய அடைப்பை மட்டுமே நீக்கும். கல்லீரலையும் சேர்த்து மாற்றுவது நீண்டகாலமாகத் தீர்வாக இருந்துவருகிறது. கல்லீரலின் ஆக்ஸலேட் உற்பத்தியைக் குறைக்கும் லூமாசிரான் என்ற மருந்துக்கு 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதி அளித்தன. மரபணுப் பரிசோதனையைச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்கு முன்பே செய்வதுதான் சரி. உங்கள் வீட்டில் மற்றப் பிள்ளைக்கு இப்போதே செய்துவிடுங்கள்.

இதற்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? முதலமைச்சர் காப்பீட்டில் செய்ய முடியுமா?

முதலில் உங்களுக்கு மாற்று அறுவைச் சிகிச்சை செய்த மையத்திற்கே செல்லுங்கள். குழாய் எந்த இடத்தில் எப்படித் தைக்கப்பட்டது என்ற அறுவைச் சிகிச்சைக் குறிப்பு அங்கேதான் இருக்கும். யூராலஜிஸ்டுக்கு அது வரைபடம் போல உதவும். வேறிடம் செல்ல நேர்ந்தால் அந்தக் குறிப்பின் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நெஃப்ராலஜிஸ்டும் (சிறுநீரக மருத்துவர்) யூராலஜிஸ்டும் ஒரே கூரையின் கீழ் இருந்து, இரவிலும் நெஃப்ராஸ்டமி வைக்கக்கூடிய இடமாக இருப்பது அவசியம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்விரு துறைகளும் உள்ளன.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையின் பெயரைச் சொல்லி, அது திட்டத்தில் அடங்குமா என்று மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் கேளுங்கள். முன் அனுமதிக்கு ஸ்கேன் அறிக்கையும் பழைய டிஸ்சார்ஜ் சுருக்கமும் தேவைப்படும். ஆனால் காய்ச்சலோடு சிறுநீர் நின்றுவிட்ட நிலையில் காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள். காகிதங்களை உடன் வருபவர் பிறகு கொண்டுவரலாம்.